கணவரைப் பார்த்துக்கொண்டே வீட்டிலிருந்து சம்பாதிப்பது: உண்மையில் முடிகிறதா?

சன்னலோரம்

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக வாசிப்பதோடு சரி, இன்றுதான் எழுதத் துணிந்தேன்.

என் கணவருக்கு எட்டு மாதம் முன்பு பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் பலவீனம். பேச்சும் குழறுகிறது. நினைப்பது ஒன்று, வாயில் வருவது இன்னொன்று. கண்ணாடி வேண்டும் என்றால் "கதவு, கதவு" என்கிறார். தப்பான சொல் என்று அவருக்கே தெரிகிறது, அதனால் கோபம் வருகிறது. தண்ணீர்கூட மெதுவாகத்தான் விழுங்க வேண்டும், அவசரப்படுத்தினால் புரை ஏறிவிடும். ஒரு வேளை சாப்பாடு முடிய முக்கால் மணி நேரம். அதற்கப்புறம் அரை மணி நேரம் நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும்.

நான் கணக்குப் பிரிவில் 14 வருடம் வேலை பார்த்தவள். நான்கு மாதம் சம்பளமில்லாத விடுப்பு எடுத்தேன், அதற்கு மேல் இழுக்க முடியாமல் ராஜினாமா செய்தேன். சேமிப்பு இன்னும் ஐந்தாறு மாதம் தாங்கும்.

வீட்டிலிருந்தபடியே ஏதாவது சம்பாதிக்க முடியுமா? "டேட்டா என்ட்ரி வேலை, பதிவுக் கட்டணம் மட்டும் கட்டினால் போதும்" என்று ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. கட்டலாமா என்று இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கல்தூண்

கட்டாதீர்கள்.

வேலை தருகிறவன் நம்மிடம் காசு கேட்டால் அது வேலையே இல்லை. பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், மென்பொருள் உரிமம், "பிறகு திருப்பித் தரப்படும்" முன்பணம், எல்லாம் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள். சில இடங்களில் கட்டணமே கேட்க மாட்டார்கள், அது இன்னும் மோசம். ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, படமாக இருக்கும் நூற்றுக்கணக்கான பக்கங்களைத் தட்டச்சுச் செய்யச் சொல்வார்கள். ராப்பகலாக முடித்துக் கொடுத்தால், துல்லியம் போதவில்லை, நஷ்டஈடு கட்டு, இல்லாவிட்டால் வழக்குப் போடுவோம் என்று ஒரு "வக்கீல்" போன் செய்வார். பயந்து கட்டியவர்களை எனக்குத் தெரியும்.

தாழ்வாரம்

எனக்கு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், வெட்கமாகத்தான் இருக்கிறது.

மனைவிக்கு இரண்டாவது அறுவை சிகிச்சை முடிந்த சமயம். வீடியோக்களுக்கு லைக் போட்டால் பணம் என்று கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தது. முதல் நாள் சொன்னபடி ஒரு சிறு தொகை கணக்கில் ஏறிவிட்டது. அதுதான் தூண்டில் புழு. மூன்றாம் நாள் "ப்ரீபெய்ட் டாஸ்க்" என்றார்கள், அதாவது நாம் முதலில் பணம் போட்டால் அது லாபத்தோடு திரும்பி வருமாம். திரையில் எண் மட்டும் ஏறிக்கொண்டே போனது. எடுக்கப் போனால் வரி கட்டச் சொன்னார்கள். வரி கட்டினால் கணக்கு முடங்கிவிட்டது, அதை விடுவிக்க இன்னொரு தொகை என்றார்கள். விட்டதைப் பிடிக்கப் போய் இன்னும் விட்டேன்.

இத்தனைக்கும் நான் படிக்காதவன் இல்லை. ஆனால் இதெல்லாம் நடந்தது இரவு 2 மணிக்கு, மருந்து கொடுக்க அலாரம் வைத்து எழுந்த நேரத்தில். அப்போது மூளை கணக்குப் போடாது. தூக்கம் கெட்டவர்கள் ராத்திரியில் எதற்கும் பணம் அனுப்பாதீர்கள், விடியட்டும்.

அப்புறம், "உங்கள் வங்கிக் கணக்கைச் சில நாள் பயன்படுத்திக்கொள்கிறோம், கமிஷன் தருகிறோம்" என்று யாராவது கேட்டால் அந்தப் பக்கமே போக வேண்டாம். ஓடுவது யாரிடமோ திருடிய பணமாக இருக்கும். விசாரணை என்று வந்தால் முதலில் தட்டப்படுவது கணக்குக்காரரின் கதவுதான்.

சன்னலோரம்

இருவருக்கும் நன்றி. கட்டவில்லை. தாழ்வாரம் ஐயா, நீங்கள் இதை எழுதியிருக்காவிட்டால் இன்று இரவு கட்டியிருப்பேன்.

பழைய_தட்டச்சு

ஒலிப்பதிவைக் கேட்டு எழுத்தாக்கும் வேலை ஒன்பது வருடம் செய்திருக்கிறேன். யாராவது அதைச் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். ஒரு மணி நேர ஒலிப்பதிவுக்குப் பழகிய கைக்கே நான்கு மணி நேரம் பிடிக்கும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால், பின்னால் மின்விசிறி ஓடினால் ஆறு, ஏழு என்று போகும். கூலியோ ஒலியின் நிமிடக் கணக்கில்தான், நாம் உட்காரும் நிமிடத்துக்கு இல்லை. புதிதாக வருகிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். மணிக்கு இவ்வளவா என்று வாயைப் பிளப்பார்கள், நான்கால் வகுத்துப் பார்க்க மாட்டார்கள்.

2022 செப்டம்பரில் விஸ்பர் என்ற, பேச்சைக் கேட்டுத் தானே எழுத்தாக்கும் மென்பொருள் வந்த பிறகு நிலைமை இன்னும் மாறிவிட்டது. முதல் வரைவை இயந்திரமே போட்டுவிடுகிறது, நமக்கு வருவது திருத்தும் வேலைதான், கூலியும் அதற்கேற்ற மாதிரி இறங்கிவிட்டது. அதில் ஒரு வேடிக்கை: பதிவில் யாரும் பேசாத இடத்தில்கூட அது ஒரு முழு வாக்கியத்தை எழுதி வைத்திருக்கும். அதைக் கண்டுபிடிக்க எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்டாக வேண்டும்.

சன்னலோரம், 14 வருடம் கணக்குப் பார்த்த நீங்கள் ஏன் தட்டச்சு விளம்பரத்தின் பின்னால் போகிறீர்கள்? வீட்டிலிருந்து வேலை என்றதும் எல்லோருக்கும் புதிதாக எதையாவது கற்க வேண்டும் என்றே தோன்றுகிறது. கையில் இருக்கும் தொழிலுக்குத்தான் கூலி அதிகம்.

வெயில்காலம்

யாரும் சொல்லாததை நான் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். நிரந்தர வேலையை விட்டது தப்பு. உதவிக்கு ஒருவரை வைத்துவிட்டு வேலைக்குப் போயிருக்க வேண்டும். சம்பளம் மட்டுமா போனது, மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியக் கணக்கு எல்லாம் சேர்ந்துதானே போனது.

மழைக்காகிதம்

வெயில்காலம், பால் கொட்டிய பிறகு சட்டியைத் திட்டி என்ன பயன்? உதவிக்கு ஆள் கிடைத்து, அவர் மூன்று வாரத்தில் சொல்லாமல் நின்றுபோய், அடுத்தவரைத் தேடி அலைந்த அனுபவம் உங்களுக்கு உண்டா?

வெயில்காலம்

உண்டு. அதனால்தான் சொன்னேன். சரி, நடந்தது நடந்ததாக இருக்கட்டும். உபயோகமாக ஒன்று சொல்கிறேன்: பழைய அலுவலகத்திடமே போய்க் கேளுங்கள். நீங்கள் விட்டு வந்த மேசையில் இப்போது ஒரு புது ஆள் திணறிக்கொண்டிருப்பார். பழைய வேலையை முழுசாகக் கேட்க வேண்டாம், அதில் ஒரு துண்டைக் கேளுங்கள். உங்களைத் தெரிந்தவர் ஒருவர் இருக்கும் இடத்தில் சட்டென்று கிடைக்கிற முதல் வேலை, வேலைத் தளங்களில் முகம் தெரியாதவரிடம் கிடைக்க ஆறு மாதம் காத்திருக்க வேண்டும்.

இரண்டாம்ஷிப்ட்

வெயில்காலம் கடைசியில் சொன்னது நல்ல யோசனை. ஆனால் அங்கே போவதற்கு முன்னால் ஒரு வாரம் பொறுங்கள். ஒரு நோட்டு எடுத்து, எப்போது உட்கார்ந்தீர்கள், எப்போது எழுந்தீர்கள், இதை மட்டும் ஏழு நாள் குறியுங்கள். சும்மா உட்கார்ந்த நேரத்தையும் குறியுங்கள்.

ஏன் என்றால், என் மனைவிக்குச் சிறுநீரகம் செயலிழந்து மூன்று வருடம். வீட்டிலேயே வயிற்று வழி டயாலிசிஸ். நாளுக்கு நான்கு முறை திரவம் மாற்ற வேண்டும், ஒவ்வொரு முறையும் அரை மணிக்கு மேல் ஆகும். கதவு சன்னல் மூடி, மின்விசிறி அணைத்து, முகக்கவசம் போட்டு, கை கழுவிவிட்டு உட்கார வேண்டும். அந்த நேரத்தில் எந்த வாடிக்கையாளர் அழைத்தாலும் போனை எடுக்க மாட்டேன், தொற்று உள்ளே புகுந்தால் வயிற்றுச் சவ்வில் அழற்சி வந்துவிடும். ஆனால் ஒரு மாற்றத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் நான்கு மணி, ஐந்து மணி என்று நீளமாக நேரம் கிடைக்கிறது. அதனால் எனக்கு மென்பொருள் சோதனை வேலை ஒத்துவருகிறது, கூட்டங்களில்கூட உட்கார முடிகிறது.

இதே நோய்க்கு வாரம் மூன்று நாள் மருத்துவமனைக்குப் போய், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் இயந்திரத்தில் இருந்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. வந்ததும் அசந்து தூங்கிவிடுவார்கள். அவர்கள் வீட்டில் வேலை செய்யக் கிடைக்கும் நேரம் முற்றிலும் வேறு. இரண்டு வீட்டிலும் ஒரே நோய்தான், என்னுடைய வேலையை அவர்கள் செய்ய முடியாது.

நோட்டில் மொத்தம் எத்தனை மணி நேரம் என்று கூட்டிப் பார்த்துச் சந்தோஷப்பட வேண்டாம். இருப்பதிலேயே நீளமான துண்டு எவ்வளவு என்று பாருங்கள். அது நாற்பது நிமிடம் என்றால், நாற்பது நிமிடத்தில் பாதியில் வைத்தாலும் கெடாத வேலையாகத்தான் எடுக்க வேண்டும்.

மழைக்காகிதம்

பாதியில் வைத்தாலும் கெடாத வேலை என்பது ரொம்பச் சரி. நான் மொழிபெயர்ப்பும், அச்சுக்குப் போகும் முன் பிழை பார்க்கும் மெய்ப்புத் திருத்தமும் செய்கிறேன். வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி. மெய்ப்பில் எந்த வரியில் நிறுத்தினேனோ அங்கே ஒரு கோடு போட்டுவிட்டு எழுந்து போகலாம். மொழிபெயர்ப்பில் ஒரு நீள வாக்கியத்தை மனதில் உருட்டிக்கொண்டிருக்கும்போது எழுந்தால், திரும்பி வரும்போது அது இருக்காது. முழுப் பத்தியையும் மறுபடி வாசிக்க வேண்டும்.

என் வீட்டுக்காரருக்குக் கீமோ, 21 நாளுக்கு ஒரு முறை. முதல் நான்கைந்து நாள் குமட்டலும் அசதியும். ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை ரத்தத்தில் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும். காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சே கிடையாது. ஒரு பை எப்போதும் கதவுக்குப் பின்னால் தயாராகத் தொங்கும். மூன்றாம் வாரம் அவர் கிட்டத்தட்டப் பழைய ஆள், என்னோடு சண்டை போடும் அளவுக்கு. அதனால் முதல் இரண்டு வாரம் மெய்ப்பு, மூன்றாம் வாரம் மொழிபெயர்ப்பு. காலக்கெடு கேட்டால் காலண்டரைப் பார்த்துவிட்டு, எந்தச் சுற்றின் மூன்றாம் வாரம் என்று எண்ணித்தான் தேதி சொல்வேன்.

ஒலிவாங்கி

எங்கள் வீட்டில் மனைவிக்காக ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர், அதாவது காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் இயந்திரம், ஓடிக்கொண்டே இருக்கும். எனக்குக் குரல் நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் சொன்னதால் ஒலிப்புத்தகம் வாசிக்கலாம் என்று மைக் வாங்கினேன். ஆடிபிள் என்ற ஒலிப்புத்தகத் தளத்துக்குப் போகும் ஒலிப்பதிவில் அறையின் சத்தம் மைனஸ் 60 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது. எங்கள் இயந்திரமோ உறுமிக்கொண்டு, சில நொடிக்கு ஒரு தரம் "புஸ்" என்று வேறு மூச்சு விடும். துணி அலமாரிக்குள் போர்வைகளுக்கு நடுவில் உட்கார்ந்து வாசித்துப் பார்த்தேன். பதிவு அருமையாக வந்தது. ஆனால் அவள் கூப்பிட்டது எனக்குக் கேட்கவில்லை. வெளியே வந்தபோது மூக்குக் குழாய் நழுவிக் கழுத்தில் கிடந்தது, உதடு நிறம் மாறியிருந்தது. அன்றோடு மைக்கை விற்றுவிட்டேன்.

இப்போது வசனத் துணையெழுத்து வேலை. ஒரு நேரத்தில் இரண்டு வரி, திரையில் அதிகபட்சம் ஏழு நொடி நிற்கும். எல்லாம் துண்டு துண்டு என்பதால் எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம். ஒரு காதில் மட்டும்தான் இயர்போன்.

அறைக்குள்ளிருந்து

இங்கே எல்லோரும் பார்த்துக்கொள்கிறவர்கள். நான் பார்த்துக்கொள்ளப்படுகிறவன். தண்டுவட மரப்பு நோய், இடுப்புக்குக் கீழே சுத்தமாக வரவில்லை. மனைவி பக்கத்து அறையில் வேலை செய்கிறாள்.

அவள் ஹெட்போனை மாட்டினால் நான் எதுவும் கேட்க மாட்டேன். தண்ணீர் தீர்ந்தால் தாகத்தோடு இருப்பேன், கால் மரத்தால் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன். சம்பளத்தைக் கெடுக்கக் கூடாது என்ற எண்ணம்தான். ஒரு நாள் அப்படியே மூன்று மணி நேரம் திரும்பாமல் படுத்துக் கிடந்து பின்பக்கம் சிவந்துவிட்டது. புண்ணாகாமல் தப்பித்தது பெரிய விஷயம். அவள் அழுத அழுகையில் அன்றைய வேலையும் போனது, மறுநாள் வேலையும் போனது.

அதற்குப் பிறகு ஒரு ஒயர்லெஸ் மணி வாங்கினோம். ஒரு முறை அடித்தால், கையில் இருப்பதை முடித்துவிட்டு வா. இரண்டு முறை அடித்தால், இப்போதே வா. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வைக்க நான் மணி அடிக்கவே வேண்டாம், அவளுடைய கணினியே அலாரம் அடிக்கும். சன்னலோரம் அவர்களே, உங்கள் கணவருக்குச் சொல் வராது என்கிறீர்கள். மணி வரும். இடது கை பக்கம் வையுங்கள்.

இன்னொன்றும் கேட்கத் தோன்றுகிறது. வீட்டில் பணம் எவ்வளவு மிச்சம் என்று அவரிடம் சொல்லியிருக்கிறீர்களா? என்னிடம் ஆறு மாதம் மறைத்தார்கள். நான் மனதுக்குள் போட்டுக்கொண்ட கணக்கு உண்மையைவிடப் பயங்கரமாக இருந்தது.

சன்னலோரம்

சொல்லவில்லை. இன்று சொல்கிறேன்.

நடைபாதை

முடியாதவர்களும் எழுத வேண்டும் என்பதால் எழுதுகிறேன். என் மனைவிக்கு மறதி நோய். சாயங்காலம் ஆனால் பதற்றம் ஏறும், வீட்டுக்குப் போக வேண்டும் என்று வீட்டிலிருந்தே கிளம்புவாள். நோட்டில் குறித்தேன், பத்து நிமிடத் துண்டுகள்தான் இருந்தன, அதுவும் எப்போது வரும் என்று தெரியாது. ஒரு வருடம் முயன்றேன். கடைசியில் மருத்துவமனையில் என்னிடம் 22 கேள்விகள் கொண்ட ஒரு தாளைக் கொடுத்தார்கள், பராமரிப்பவரின் சுமையை அளக்க சாரிட் அளவுகோல் என்று பெயர், மொத்தம் 88 மதிப்பெண். நான் வாங்கியது 67. வாழ்க்கையில் நல்ல மதிப்பெண் வாங்கியது அங்கேதான்.

இப்போது வாரம் மூன்று பகல் அவளைப் பகல்நேரப் பராமரிப்பு மையத்தில் விடுகிறேன், அந்த மூன்று நாள் வெளியே போய் வேலை பார்க்கிறேன். வீட்டிலிருந்து சம்பாதிப்பது எல்லா வீட்டிலும் நடக்காது.

தாழ்வாரம்

வாடிக்கையாளரிடம் வீட்டு நிலைமையைச் சொல்லலாமா? நான் சொன்னேன், ஒருவர் பரிதாபப்பட்டார், அடுத்த மாதத்திலிருந்து வேலையே அனுப்பவில்லை.

மழைக்காகிதம்

நோயைச் சொல்ல மாட்டேன். "அவசர வேலை எடுப்பதில்லை, மின்னஞ்சலுக்கு ஒரு நாளுக்குள் பதில் தருவேன், போனில் கிடைக்க மாட்டேன்" என்று மட்டும் சொல்வேன். காலக்கெடுவும் எனக்குத் தேவையானதைவிட ஒன்றரை மடங்கு கேட்பேன்.

இரண்டாம்ஷிப்ட்

எனக்கு நேர்மாறு. நான் சொல்லிவிட்டேன், அதனால்தான் டயாலிசிஸ் நேரத்தில் யாரும் கூட்டம் வைப்பதில்லை. தனி ஆளிடம் மாத வேலை செய்தால் சொல்லலாம், ஒவ்வொரு முறையும் புது ஆளிடம் செய்தால் வேண்டாம் என்று நினைக்கிறேன்.

கல்தூண்

உதவித்தொகை ஏதாவது வருகிறதா? சில நாடுகளில் பராமரிப்பவருக்கோ நோயாளிக்கோ தரும் தொகைக்கு வருமான வரம்பு உண்டு. வரம்பைக் கொஞ்சம் தாண்டினாலும் முழுத் தொகையும் நின்றுபோகலாம், ஏற்கெனவே வாங்கியதைத் திருப்பிக் கேட்பதும் நடக்கிறது. முதல் இன்வாய்ஸ் போடும் முன்பே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள்.

சன்னலோரம்

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

நோட்டின் கணக்கு: ஏழு நாளில் மொத்தம் 23 மணி நேரம். கேட்க நன்றாக இருக்கிறது இல்லையா? அது 41 துண்டாக இருந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் வந்தவை நான்கே நான்கு, அதில் மூன்று அதிகாலை 4:30-க்குத் தொடங்குபவை. பிசியோதெரபிஸ்ட் வரும் நேரம் ஓய்வு என்று நினைத்திருந்தேன். அந்த நேரத்தில் நான் தோள்பட்டையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்பதே எழுதிப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

பழைய அலுவலகத்துக்குப் போன் செய்தேன். வெயில்காலம் சொன்னது அப்படியே நடந்தது. வங்கி அறிக்கையையும் பேரேட்டையும் ஒப்பிட்டுச் சரிபார்ப்பது, சப்ளையர் பாக்கிகளைச் சரிபார்ப்பது, இரண்டையும் மாதக் கூலிக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு வரியும் டிக் ஆனதா, ஆகவில்லையா, அவ்வளவுதான். எழுந்து போய்த் திரும்பி வந்தால் டிக் இல்லாத வரியிலிருந்து தொடரலாம். மணிக்கணக்கு கேட்டார்கள், மறுத்துவிட்டேன். ஐந்தாம் தேதிக்குள் முடித்துத் தருவேன், எத்தனை மணிக்கு உட்கார்ந்தேன் என்று கேட்கக் கூடாது என்றேன். அவர்கள் கோப்புகளுக்குத் தனிக் கடவுச்சொல், தனிப் பயனர் கணக்கு. வீட்டுக் கணினியில் மற்றவர்கள் கைவைக்க முடியாது.

இன்னொரு விஷயம், மற்றவர்களுக்குப் பயன்படலாம். கணவர் பெயரில் மட்டும் இருந்த ஒரு வங்கிக் கணக்கிலிருந்து பணம் எடுக்கப் போனோம். இடது கையால் போட்ட கையெழுத்து பழைய மாதிரியோடு ஒத்துப்போகவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர் பக்கத்தில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், அந்த அதிகாரி அவரைப் பார்க்காமல் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாம் முறை மருத்துவர் சான்றிதழோடு போய் ஒரு வழியாக முடிந்தது. பவர் ஆஃப் அட்டர்னி எனும் அதிகாரப் பத்திரத்தை நோயாளிக்கு விவரம் புரியும் நிலை இருக்கும்போதே எழுதிக்கொள்ள வேண்டுமாம், நிலைமை மோசமான பிறகு முடியாது என்று வக்கீல் சொன்னார். எழுதிவிட்டோம்.

பணம் எவ்வளவு மிச்சம் என்று அவரிடம் சொன்னேன். நோட்டைக் காட்டினேன். இடது கை விரலை அந்த 4:30 மேல் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் எடுக்கவில்லை. சொல் எதுவும் வரவில்லை. மறுநாளிலிருந்து அதிகாலையில் விழிப்பு வந்தாலும் மணியை ஒரு முறைதான் அடிக்கிறார், இரண்டு முறை அடிப்பதில்லை. அது சரியா என்று எனக்கு இன்னும் கவலையாகத்தான் இருக்கிறது.

அறைக்குள்ளிருந்து

சரியில்லை. சிறுநீர் பாட்டிலை இரவே இடது கை எட்டும் இடத்தில் வைத்துப் பழக்குங்கள். ஒரு முறை மணி அடித்தாலும் பத்து நிமிடத்தில் எழுந்து போய்ப் பாருங்கள். நான் அந்த ஒரு மணியை நிறைய முறை பொய்யாக அடித்திருக்கிறேன்.

சன்னலோரம்

சரி, அப்படியே செய்கிறேன். இன்று முதல் இன்வாய்ஸ் எழுதுகிறேன். 14 வருடம் அடுத்தவர்கள் அனுப்பிய இன்வாய்ஸைத்தான் பார்த்திருக்கிறேன், என்னுடையது இதுதான் முதல். பணம் தர எத்தனை நாள் தவணை போடுவது, 30-ஆ?

இரண்டாம்ஷிப்ட்

15 போடுங்கள். 30 என்று போட்டால் 45-ல் வரும்.

வெயில்காலம்

அவர் கணக்குப் பிரிவில் இருந்தவர், அது அவருக்குத் தெரியாதா என்ன.

சன்னலோரம்

தெரியும். 45-ல் அனுப்பியதே நான்தான். 15 போட்டுவிட்டேன்.